ஊர்னெஸ் மரக்கோயில்: மண்ணைத் தொடாத தூண்கள்

நார்வே நாட்டின் ஊர்னெஸ் என்னும் சிற்றூரில் உள்ள பழைய கிறிஸ்தவ மரக்கோயிலின் வடக்குச் சுவர், சற்று நின்று பார்ப்பவருக்கு ஒரு கேள்வியை எழுப்பும். அந்தச் சுவரில் சாவித்துளையின் வடிவில் அமைந்த குறுகலான வாசல் ஒன்று உண்டு. வாசலின் இரு பக்கங்களிலும், மேற்புறத்திலும், அதையடுத்துள்ள இரண்டு பலகைகளிலும் மெலிந்து நீண்ட உடல்களையுடைய விலங்குகளும் பாம்புகளும் ஒன்றையொன்று வளைத்துப் பின்னிக் கிடக்கின்றன. உளி ஆழமாகவும் நிதானமாகவும் இறங்கியிருக்கிறது; கை நடுங்கிய இடம் ஒன்றுகூடத் தென்படவில்லை. ஆனால் அதே சுவரின் மற்றப் பலகைகள் எந்த அலங்காரமும் இன்றி நிற்கின்றன. ஒரு கோயிலின் தலைவாசலுக்கு உரிய வேலைப்பாடு, அதிகம் கவனிக்கப்படாத பக்கச் சுவருக்கு வந்து சேர்ந்தது எப்படி?

அந்த வாசல் இந்தக் கோயிலுக்காகச் செய்யப்பட்டதன்று என்பதே விடை. இதே இடத்தில் இதற்கு முன் நின்ற வேறொரு கோயிலின் வாசல் அது. பெரும்பாலும் அங்கே மேற்குப் பக்கத்துத் தலைவாசலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதன் மரம் 1070ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்டது. இப்போது நாம் காணும் கோயிலோ 1130ஐ ஒட்டி எழுப்பப்பட்டது. அதாவது, புதிய கோயிலைக் கட்டிய தச்சர்கள், தங்கள் பாட்டன்மார் காலத்து வாசலைப் பெயர்த்தெடுத்து, புதிய சுவரின் அளவுக்கு இசைவாகக் குறைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். வாசல் மட்டுமன்று, கதவுப் பலகையும், ஒரு மூலைத்தூணும், மேற்கிலும் கிழக்கிலும் உள்ள முக்கோணச் சுவர்களின் செதுக்குப் பலகைகளும் அந்தப் பழைய கோயிலிலிருந்து வந்தவையே. ஆகவே ஊர்னெஸ் கோயிலின் வயது என்ன என்று கேட்டால், ஒரே எண்ணில் விடை சொல்ல முடியாது. 900 ஆண்டுகளாக ஒரு மரக்கட்டடம் நின்றிருப்பதன் பின்னணி, இந்த ஒரே எண்ணில் அடங்காத வயதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஊர்னெஸ், நார்வேயின் மேற்குக் கரையிலிருந்து நாட்டுக்குள் 200 கிலோமீட்டருக்கும் மேல் நுழையும் சோக்னே ஃபியோர்டின் உட்கிளைகளுள் ஒன்றில், லுஸ்டர் பகுதியில் உள்ளது. பனியாறுகள் மலைகளைக் குடைந்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்குகளில் கடல்நீர் புகுந்து நிற்பதையே ஃபியோர்டு என்கிறோம். இரு புறமும் செங்குத்தாக எழும் மலைகளுக்கிடையே, நீருக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலமுனையில், நீர்மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் மேலான உயரத்தில், பண்ணை நிலங்களுக்கு நடுவே கோயில் நிற்கிறது. எதிர்க்கரையில் உள்ள சோல்வோர்ன் என்னும் ஊரிலிருந்து படகில் வந்து, மேட்டில் ஏறித்தான் பெரும்பாலோர் அதை அடைகிறார்கள். இன்றைக்கு ஒதுக்குப்புறமாகத் தோன்றும் இந்த இடம் 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் அப்படி இருக்கவில்லை. சாலைகள் இல்லாத நாட்டில் நீரே பெருவழி. நீருக்குள் நீண்ட மேட்டில் குடியிருந்த குடும்பம் போக்குவரத்து முழுவதையும் தன் முற்றத்திலிருந்து பார்க்கக்கூடிய நிலையில் இருந்தது. ஊர்னெஸ் பண்ணை அத்தகைய செல்வாக்குள்ள குடும்பத்தின் இருப்பிடமாக இருந்தது. சிறிய ஊர் ஒன்றில் இவ்வளவு உயர்ந்த வேலைப்பாடு வாய்த்ததற்கு அதுவே காரணம் எனலாம்.

நிலவியலில் இன்னொரு நன்மையும் உண்டு. நார்வேயின் மேற்குக் கடற்கரை ஓயாத மழைக்குப் பெயர்போனது. ஆனால் மேகங்கள் கரையோர மலைகளிலேயே பெரும்பகுதி நீரைக் கொட்டிவிடுவதால், ஃபியோர்டின் உட்பகுதிகளுக்குக் கிடைக்கும் மழை மிகவும் குறைவு. மரத்துக்கு முதற்பகை ஈரம். அந்தப் பகை இங்கே ஓரளவு தள்ளியே நின்றது. இருந்தும் காலநிலை மட்டுமே ஒரு மரக்கட்டடத்தை 9 நூற்றாண்டுகள் காப்பாற்றிவிடாது. இதே மண்ணில், இதே காற்றில் நின்ற முந்தைய கோயில் சில பத்தாண்டுகளிலேயே மாற்றப்பட வேண்டியதாயிற்றே.

முந்தைய கோயிலைப் பற்றி நமக்குத் தெரிந்தவை, 1950களில் இப்போதைய தரையின் அடியில் நடந்த அகழாய்விலிருந்து வந்தவை. மண்ணில் குழிகளின் தடங்கள் தென்பட்டன. தூண்களை நேரே நிலத்தில் ஊன்றிக் கட்டிய கட்டடம் ஒன்று அங்கே இருந்ததை அவை காட்டின. ஸ்காண்டிநேவியாவின் முதல் தலைமுறைக் கோயில்கள் பலவும் இப்படிக் கட்டப்பட்டவையே. 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மன்னர் ஓலாவ் ஹரால்ட்சன் வீழ்ந்து, விரைவிலேயே புனிதராகப் போற்றப்பட்ட பின்னர், கிறிஸ்தவம் நார்வேயில் வேரூன்றியது. ஊர் தோறும் வழிபாட்டிடம் தேவைப்பட்டது. அவசரமாகவும் பழகிய முறையிலும் கட்டப்பட்ட அந்தக் கோயில்களின் தூண்கள் மண்ணுக்குள் இறங்கி நின்றன.

மண்ணில் ஊன்றிய மரம் எங்கே உளுத்துப்போகும் என்பது வேலி கட்டிய எவருக்கும் தெரியும். ஆழத்தில் உள்ள பகுதி பல காலம் தாங்கும். அங்கே காற்று குறைவு. மேலே நிற்கும் பகுதியும் தாங்கும். அது நனைந்தாலும் உலர்ந்துவிடும். இரண்டுக்கும் இடையில், மண்மட்டத்தையொட்டிய ஒரு சாண் அளவில்தான் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு அதுவே தேவை. தூணின் மற்றப் பகுதிகள் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அந்த ஒரு சாண் இற்றுப்போனால் கட்டடம் முழுவதும் சாயும். ஊர்னெஸின் பழைய வாசல் பலகைகள் புதிய சுவரில் மறுபடியும் பொருத்தும் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தபோதும் கோயில் பிரிக்கப்பட்டது ஏன் என்பதை இது விளக்குகிறது. பெரிதாகக் கட்ட வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்திருக்கலாம். ஆனால் அடி இற்ற கட்டடத்துக்கு வேறு வழி இல்லை.

1130ஐ ஒட்டி வேலையைத் தொடங்கிய தச்சர்கள் செய்த மாற்றம், சொல்வதற்கு எளியது: எந்தத் தூணும் மண்ணைத் தொடக்கூடாது. முதலில் தரையில் கற்களை இட்டார்கள். கற்களின் மேல் கனமான அடி உத்தரங்களை, நான்கு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு முனைகள் வெளியே நீளும்படி கிடத்தினார்கள். சதுரக் கட்டம்போல் அமைந்த இந்தச் சட்டகமே கட்டடத்தின் அடித்தளம். உள்ளே நிற்கும் பெருந்தூண்கள் இதன்மேல் நிற்கின்றன. வெளிச்சுவருக்கான உத்தரங்களும் இதன் நீண்ட முனைகளின்மேல் அமர்ந்து, மூலைகளில் மூலைத்தூண்களோடு பிணைக்கப்படுகின்றன. அந்த உத்தரத்தின் மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டப்படும். சுவர்ப்பலகைகள் நெட்டுக்குத்தாக அந்தக் காடிக்குள் இறக்கப்படும். ஒவ்வொரு பலகையின் ஒரு விளிம்பில் நாக்கும் மறு விளிம்பில் காடியும் இருப்பதால் அடுத்தடுத்த பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக்கொள்ளும். மேலே இன்னோர் உத்தரம் கவிழ்ந்து உட்கார்ந்து அத்தனை பலகைகளின் தலைகளையும் தன் காடிக்குள் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு கீழ் உத்தரம், இரு மூலைத்தூண்கள், மேல் உத்தரம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு படச்சட்டம்போல ஆகின்றன. பலகைகள் அந்தச் சட்டத்துக்குள் நின்றபடி, ஈரத்தில் உப்பவும் வெயிலில் சுருங்கவும் இடம் பெற்றிருக்கின்றன. பிணைப்புகளை இறுக்குவதற்கு மர முளைகளே போதுமானவையாக இருந்தன. இரும்பாணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுப்பதுபோல மர முளை கெடுப்பதில்லை.

இந்தக் கட்டுமுறையில் நிற்கும் தூணை நோர்வீஜிய மொழியில் 'ஸ்டாவ்' என்பர். அதனாலேயே இவ்வகைக் கோயில்கள் ஸ்டாவ் கோயில்கள் என்று பெயர் பெற்றன. மரங்களைக் கிடையாக அடுக்கிச் சுவர் எழுப்பும் முறையும் அந்த நாட்டில் வீடுகளுக்குப் பரவலாக வழங்கியது. கோயிலுக்கு மட்டும் நெட்டுக்குத்து முறையைத் தேர்ந்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. நிற்கும் மரத்தில் மழைநீர் நாரின் போக்கிலேயே வழிந்து இறங்கிவிடும். கிடக்கும் மரத்தில் ஒவ்வோர் இணைப்பும் நீர் தேங்கும் படியாகிவிடும். அத்துடன் மரம் நாரின் குறுக்கே வெகுவாகச் சுருங்கும்; நீளவாக்கில் அதிகம் சுருங்குவதில்லை. கிடையாக அடுக்கிய சுவர் ஆண்டுகள் செல்லச் செல்ல உயரத்தில் குறைந்து அமிழும். நின்ற தூண்களின்மேல் எழுந்த கட்டடம் தன் உயரத்தை இழக்காது.

மரத்தைத் தேர்ந்தெடுத்த விதமும் கவனிக்கத்தக்கது. பயன்படுத்தியது அந்த மலைகளில் மெதுவாக வளரும் பைன். கடுங்குளிரில் வளரும் மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். பிசின் செறிந்த உள்மரம் வைரம் பாய்ந்து கிடக்கும். நம் தச்சர்கள் 'வெள்ளை' என்று ஒதுக்கும் வெளிப்பகுதியை அந்தத் தச்சர்களும் பெருமளவு நீக்கிவிட்டு, வைரத்தையே பெருந்தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் பயன்படுத்தினர். கட்டி முடித்த பின்னர் வெளிப்புறம் முழுவதும் பைன் வேரையும் அடிக்கட்டையையும் மூட்டம்போட்டு எரித்து வடித்த தாரைப் பூசினர். பழைய ஸ்டாவ் கோயில்களின் சுவர்கள் கருமையாகவும், வெயில் படும் பக்கத்தில் தேன் நிறமாகவும் தெரிவது இந்தத் தாரினால்தான். தார் ஒருமுறை பூசி மறந்துவிடக்கூடிய ஒன்றன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை யாரேனும் ஏறிப் பூச வேண்டும். பூசாமல் விட்ட தலைமுறையின் கவனக்குறைவை அடுத்த தலைமுறையின் சுவர் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கடமையை அன்றைய சட்டமும் கவனித்தது. மேற்கு நார்வே முழுவதற்கும் பொதுவாக வழங்கிய குலாத்திங் சட்டம், சோக்னே ஃபியோர்டின் கடல்முகத்தை ஒட்டிய குலன் என்னும் இடத்தில் கூடிய பேரவையின் பெயரால் அமைந்தது. கோயில்களைக் கட்டிக் காக்கும் பொறுப்பை அது மக்களின்மேல் வைத்தது. கோயிலின் மூலைத்தூண் பழுதுபட்டால் மாற்று மரத்தைக் குறித்த காலத்துக்குள் கோயில் வளாகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று விதித்தது. கட்டடத்தின் எந்த உறுப்பு முதலில் போகும், எது போனால் எல்லாம் போகும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி இது. வானளாவிய கல்கோபுரங்களின் வரலாற்றை நாம் மன்னர்களின் பெயரோடு நினைவில் வைக்கிறோம். ஒரு மூலைத்தூணுக்காகச் சட்டம் எழுதிய குடியானவர்களின் கவனம் அதைவிடக் குறைந்ததன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

கோயிலின் உள்ளே நுழைந்தால் வேறோர் உலகம். வெளித்தோற்றத்தில் ஊர்னெஸ் அடக்கமானது. அடுக்கடுக்கான கூரைகளும் நாகத்தலை முகடுகளும் கொண்டு, படங்களில் அதிகம் காணப்படும் ஸ்டாவ் கோயில் இதே சோக்ன் பகுதியைச் சேர்ந்த, 1180ஐ ஒட்டிக் கட்டப்பட்ட போர்குண்ட் கோயில். ஊர்னெஸின் செல்வம் உட்புறத்தில் இருக்கிறது. நடுக்கூடத்தைச் சுற்றி 16 உருண்டைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றின் தலைப்பகுதிகள் கனசதுர வடிவில் அமைந்து, அடிப்பாகத்தில் வளைந்து உருண்டைத் தூணில் கலக்கின்றன. ஒவ்வொரு தலைப்பகுதியின் முகத்திலும் மான், சிங்கம், நாகம், பாதி மனிதனும் பாதி குதிரையுமான உருவம், மனித உருவங்கள், கொடிகள் என மெல்லிய புடைப்பில் செதுக்கியிருக்கிறார்கள். தூண்களுக்கிடையே அரைவட்ட வளைவுகள். நடுக்கூடம் உயர்ந்தும், சுற்றியுள்ள பக்கக்கூடம் தாழ்ந்தும் அமைந்திருக்கிறது.

இந்த அமைப்பு முழுவதும் அக்கால ஐரோப்பாவின் கல்கோயில்களிலிருந்து எடுத்துக்கொண்டது. உருண்டைத் தூண், கனசதுரத் தலை, அரைவட்ட வளைவு ஆகிய மூன்றும் கல்தச்சரின் இலக்கணம். கல்லில் வளைவு என்பது சுமையை இரு பக்கத் தூண்களுக்கும் பிரித்துத் தரும் உறுப்பு. கனசதுரத் தலையோ சதுரமான வளைவின் அடியை உருண்டையான தூணோடு இணைப்பதற்குப் பிறந்த வடிவம். மரத்தில் இவற்றுக்கு அந்தத் தேவையே இல்லை. மர உத்தரம் வளைவின்றியே இடைவெளியைக் கடக்கும். அப்படியானால் இது வெறும் பாவனைதானா என்று கேட்கலாம். இல்லை என்பதுதான் இந்தக் கட்டடத்தில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. ஊர்னெஸின் மர வளைவுகள், தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையே முட்டுக் கொடுக்கும் வளைமரங்களாகப் பணிபுரிகின்றன. உயர்ந்த மெல்லிய தூண்களைக் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, செங்கோணமாக நிற்கும் இணைப்புகள் சரிந்து சாய்சதுரமாகாமல் பிடித்து நிறுத்துபவை இவையே. படகு கட்டுவோர், விலாமரத்தையும் குறுக்குமரத்தையும் இணைக்க இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரத்துண்டைத் தேடிப் பயன்படுத்தும் அதே அறிவு இது. கல்லில் சுமை தாங்கப் பிறந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, மரத்துக்குத் தேவையான வேறொரு வேலையை அதனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அயலிலிருந்து கற்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் கட்டடக்கலையில் காண்பது அரிது.

அன்று உட்புறம் மிகவும் இருண்டிருந்தது. இப்போதுள்ள சன்னல்கள் அப்போது இல்லை. சுவரின் உயரத்தில் இருந்த சிறு துளைகளின் வழியே ஒளி கசிந்தது. மக்கள் நின்றே வழிபட்டனர். கிழக்கே, குறுகலான திருப்பீடப் பகுதியின் நுழைவுக்கு மேலே சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவும் இரு பக்கமும் மரியாளும் யோவானும் நிற்கும் மரச்சிற்பத் தொகுதி இருந்தது. நடுக்காலத்தைச் சேர்ந்த அந்தத் தொகுதி இன்றும் அங்கே இருக்கிறது. உலோகத்தின்மேல் வண்ணக் கண்ணாடியை உருக்கிப் பதிக்கும், பிரான்சின் லிமோஜ் நகரத்துப் பற்சிப்பி வேலையில் அமைந்த மெழுகுதிரித் தண்டுகளும், கப்பலின் வடிவில் இரும்பில் அடித்த விளக்குத் தாங்கியும் இக்கோயிலின் உடைமைகள். ஃபியோர்டின் முடிவில் உள்ள ஒரு சிற்றூர், கடல்வழியே எவ்வளவு தொலைவோடு தொடர்பு கொண்டிருந்தது என்பதற்கு லிமோஜிலிருந்து வந்த அந்தத் தண்டுகளே போதுமான சான்று.

வடக்கு வாசலுக்கு மீண்டும் வருவோம். அதன் சிற்பமுறை கலைவரலாற்றில் 'ஊர்னெஸ் பாணி' என்றே வழங்குகிறது. வைக்கிங் காலத்து விலங்குருவக் கலையின் கடைசிக் கட்டம் அது. ஒரு பருத்த கோடும் ஒரு மெலிந்த கோடும் சீரான வளைவுகளில் ஒன்றையொன்று கடந்து, பெரிய கண்ணிகளாகச் சுழல்வது அதன் அடையாளம். விலங்கின் தலை ஒடுங்கி நீண்டிருக்கும். கண் பெரிதாகி, வாதுமைக் கொட்டையின் வடிவில் முன்நோக்கிக் கூர்ந்திருக்கும். வாசலின் இடப்பக்கம் நான்கு கால் விலங்கு ஒன்று, தன்னைச் சூழ்ந்த பாம்பைக் கடித்தபடி நிற்கிறது. ஒரே உருவம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் தொடர்ந்து செல்வதே அந்தச் சிற்பத்தைப் பார்க்கும் முறை. ஒரே பார்வையில் அது பிடிபடாது.

இதன் பொருள் என்ன என்பதில் கருத்துகள் பல. நார்வே மக்களின் பழைய நம்பிக்கையில் வரும் உலக மரத்தையும், அதன் வேரைக் கடிக்கும் நாகத்தையும், தளிரை மேயும் மானையும் இங்கே காண்பவர்கள் உண்டு. அந்த நான்கு கால் விலங்கைச் சிங்கமென்று கண்டு, அதைக் கிறிஸ்துவாகவும் பாம்பைத் தீமையாகவும் கொள்பவர்கள் உண்டு. பழைய சமயம் கோயில் வாசலில் ஒளிந்து நின்றது என்ற விளக்கம் கேட்கச் சுவையானது. பயணக் குறிப்புகளில் அது அடிக்கடி வருகிறது. அதை ஏற்க நான் தயங்குகிறேன். இந்த வாசல் தொடக்கத்திலிருந்தே கிறிஸ்தவக் கோயிலுக்காக, ஓலாவ் இறந்து ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்குப் பின் செதுக்கப்பட்டது. இதே பாணி சுவீடனின் உப்லாண்ட் பகுதியில், சிலுவை பொறித்து, இறந்தவரின் ஆன்மாவுக்காக இறைவனை வேண்டும் நினைவுக்கற்களில் ஏராளமாக உள்ளது. அயர்லாந்தில் 1123ஐ ஒட்டி, கிறிஸ்துவின் சிலுவையின் துண்டு எனப் போற்றப்பட்ட திருப்பொருளை வைப்பதற்காகச் செய்யப்பட்ட காங் சிலுவையிலும் இந்தப் பாணியின் அயர்லாந்து வடிவம் இருக்கிறது. ஆகவே பின்னும் விலங்குகள் அக்காலத்துக் கைவினைஞரின் பொது மொழி. அந்த மொழியில் கிறிஸ்தவர்கள் கிறிஸ்தவர்களுக்காகப் பேசினார்கள் என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. அந்த மொழி பழைய கதைகளின் எதிரொலியையும் சுமந்து வந்திருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1130இல் இந்தப் பாணி பழையதாகிவிட்டது. புதிய தச்சர்கள் உள்ளே செதுக்கிய தலைப்பகுதிகள் முற்றிலும் வேறான, ஐரோப்பாவின் புதிய முறையில் இருக்கின்றன. தங்கள் காலத்துக்குப் பொருந்தாத ஒன்றை அவர்கள் விறகாக்கவில்லை. மரம் கிடைக்காததால் அப்படிச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சுற்றிலும் பைன் காடுகள். அழகென்று தெரிந்ததைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டுகளை எப்படி அறிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மரம் ஆண்டுக்கொரு வளையம் இடுகிறது. மழையும் வெப்பமும் வாய்த்த ஆண்டில் வளையம் அகலமாகவும், வாய்க்காத ஆண்டில் ஒடுங்கியும் அமையும். ஒரு வட்டாரத்தின் மரங்கள் அனைத்திலும் இந்த அகல ஒடுக்க வரிசை ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், ஆண்டு தெரிந்த மரங்களின் வரிசையோடு பழைய மரத்தின் வரிசையை ஒப்பிட்டுப் பொருத்திவிடலாம். கடைசி வளையமே மரம் வெட்டப்பட்ட ஆண்டு. இங்கே ஒரு சிக்கல் உண்டு: தச்சர்கள் வெள்ளையை நீக்கிய தூண்களில் கடைசி வளையங்களும் போய்விடும். பட்டையையொட்டிய விளிம்பு தப்பியிருக்கும் மரத்துண்டுகளே காலத்தைத் துல்லியமாகச் சொல்ல வல்லவை. தச்சரின் கண்டிப்பு கட்டடத்துக்கு நன்மை செய்தது. வரலாற்றாசிரியருக்குச் சற்றுத் தொல்லை கொடுத்தது.

நடுக்காலத்தில் நார்வேயில் 1,000க்கும் மேற்பட்ட ஸ்டாவ் கோயில்கள் இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. இன்று அந்த நாட்டில் எஞ்சியிருப்பவை 28. இந்த வீழ்ச்சி ஒரே நாளில் நிகழவில்லை. 1349இல் நாட்டுக்குள் வந்த கொள்ளைநோய் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது; பள்ளத்தாக்குகள் ஆளின்றிக் கிடந்தன; கோயில் கட்டும் தச்சு மரபு அறுந்தது. கேட்பாரற்ற கோயில்கள் தாமாகவே சாய்ந்தன. 1537இல் நார்வே லூத்தரன் சபையைத் தழுவியபோது வழிபாட்டின் தேவைகளும் மாறின. நின்று வழிபட்ட மக்கள் அமர்ந்து பிரசங்கம் கேட்க வேண்டியவர்களாயினர். எனவே இருக்கைகள் வந்தன. பிரசங்க மேடை வந்தது. பாட்டுப் புத்தகத்தைப் படிக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் சுவரைக் குடைந்து சன்னல்கள் வைக்கப்பட்டன.

ஊர்னெஸும் இந்த மாற்றங்களுக்கு உட்பட்டது. 17ஆம் நூற்றாண்டில் கோயில் விரிவாக்கப்பட்டது. திருமுழுக்குத் தொட்டி 1640ஐயும், பலிபீடத்தின் மேல்விதானம் 1665ஐயும், பிரசங்க மேடை 1690களையும், பீடத்தின் பின்னுள்ள ஓவியப் பலகை 1699ஐயும் சேர்ந்தவை. சன்னல்கள் 18ஆம் நூற்றாண்டில் வந்தன. இவற்றைப் பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்கித் தூய நடுக்காலக் கோயிலை மட்டும் காண விரும்புவோர் எப்போதும் இருக்கிறார்கள். அந்த விருப்பத்தின்படி செயல்பட்டிருந்தால், 1070இன் வாசலையும் 1130இன் கோயிலிலிருந்து அகற்ற வேண்டியிருக்கும். இந்தக் கட்டடம் பிழைத்ததே ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தன் வழிபாட்டுக்கு ஏற்பத் திருத்திப் பயன்படுத்தியதால்தான். பயன்பாடு நின்ற கோயிலுக்குத் தார் பூச எவரும் ஏணி எடுப்பதில்லை.

உண்மையில் பேராபத்து 19ஆம் நூற்றாண்டில் வந்தது. 1851இல் இயற்றப்பட்ட சட்டம், கோயில் ஒவ்வொன்றும் அதன் பங்கைச் (ஒரு கோயிலைச் சார்ந்த மக்கள் வட்டாரமே பங்கு) சேர்ந்த மக்களில் பத்துக்கு மூவருக்கு இடமளிக்க வேண்டும் என்று வகுத்தது. மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. சிறிய ஸ்டாவ் கோயில்களால் அந்த அளவை எட்ட முடியவில்லை. நூற்றாண்டுகளைக் கடந்து நின்றவை அடுத்தடுத்து இடிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. இடிப்போர் தீயவர்கள் அல்லர். ஊர் மக்கள் அனைவருக்கும் இடம் வேண்டும் என்ற நியாயமான எண்ணமே அவர்களுடையது. இழந்ததை இழப்பென்று அறிய அவர்களுக்குக் காலம் போதவில்லை.

அதை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் ஓவியர் யோஹான் கிறிஸ்டியன் டால். பெர்கன் நகரில் பிறந்து ஜெர்மனியின் டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்த அவர், 1837இல் ஸ்டாவ் கோயில்களின் வரைபடங்களைத் தொகுத்து ஜெர்மானிய மொழியில் வெளியிட்டார். நார்வேயின் வாங் என்னும் ஊரின் கோயில் இடிக்கப்படவிருந்தபோது அதை வாங்குவதற்கு வழிசெய்தவரும் அவரே. பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்மின் உதவியால் அந்தக் கோயில் துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, கப்பலேறி, இன்றைய போலந்தின் கார்பாச் என்னும் மலையூரில் மறுபடியும் எழுப்பப்பட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. முளைகளால் பிணைத்த கட்டடத்தைக் கழற்றவும் மீண்டும் பூட்டவும் முடியும் என்பதற்கு அது ஒரு சான்று. சொந்த நாட்டில் இடமில்லாமல் போனதற்கும் அதுவே சான்று. 1844இல் தொன்மைச் சின்னங்களைப் பாதுகாப்பதற்கான நோர்வீஜியச் சங்கம் தோன்றியது. 1881இல் ஊர்னெஸ் தனிப் பங்காக இயங்குவது முடிவுக்கு வந்தபோது, இடிபடுவதற்குப் பதிலாக இந்தக் கோயில் அந்தச் சங்கத்தின் உடைமையாயிற்று. இன்றும் உரிமையாளர் அந்தச் சங்கமே. 1979இல் யுனெஸ்கோ, பெர்கனின் பழைய துறைமுகப் பகுதியான பிரிக்கனோடு ஊர்னெஸையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நார்வேயிலிருந்து அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றவை இவ்விரண்டுமே.

அதன்பின்னும் அச்சம் நீங்கிவிடவில்லை. 1992 ஜூன் 6ஆம் நாள் பெர்கனை அடுத்த ஃபான்டாஃப்ட் கோயில், தீவைக்கப்பட்டு எரிந்து போனது. தார் ஊறிய பைன் மரம் ஈரத்தை எதிர்க்கும், நெருப்பை வரவேற்கும். அந்த நிகழ்வு ஸ்டாவ் கோயில்களின் தீப்பாதுகாப்பைப் பற்றிய சிந்தனையை முற்றிலும் மாற்றியது. 2001இல் நார்வே அரசின் தொல்சின்னத் துறை, எஞ்சிய 28 கோயில்களையும் பழுதுபார்க்கும் நீண்ட திட்டத்தைத் தொடங்கி, 2015இல் முடித்தது. பழைய மரத்தை இயன்றவரை விட்டுவைத்து, இற்ற பகுதியை மட்டும் அதே வகை மரத்தால், அதே வகைக் கருவிகளால் ஒட்டுப்போடுவது அந்த வேலையின் நெறியாக இருந்தது. கோடரியால் பலகை செதுக்குவதையும் மூட்டம்போட்டுத் தார் வடிப்பதையும் அறிந்த கைகள் அதற்குத் தேவைப்பட்டன. அந்தக் கைத்திறனை மீண்டும் கற்பதே திட்டத்தின் பெரும்பகுதியாயிற்று.

ஊர்னெஸில் அந்தத் திட்டத்தின் முக்கியமான வேலை 2009ஐயும் 2010ஐயும் ஒட்டி நடந்தது. சிற்பங்களிலோ கூரையிலோ அன்று, அடித்தளத்தில். காலப்போக்கில் மண் இறங்கியதால் கற்கள் அமிழ்ந்து, அவற்றின்மேல் கிடந்த உத்தரங்கள் சாய்ந்து, கட்டடத்தின் எடை சமமின்றிப் பரவியிருந்தது. அடியை உறுதிப்படுத்தி, உத்தரங்கள் மீண்டும் கற்களின்மேல் சரியாக அமரும்படி செய்தார்கள். இப்போது ஞாயிறுதோறும் அங்கே வழிபாடு நடப்பதில்லை. திருமணங்களுக்கும் திருமுழுக்குகளுக்கும் ஊர் மக்கள் இன்றும் அந்தக் கோயிலுக்கே வருகிறார்கள். 16 தூண்களும், 1130இன் தச்சர்கள் வைத்தபடியே, மண்ணுக்குச் சற்று மேலே நிற்கின்றன.